மிதக்கும் கூரை: பெட்ரோல் டேங்கின் ஆவி எந்த வழியாகத் தப்புகிறது?

2017 ஏப்ரலில் வைகை அணையின் நீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார்கள். சற்று நேரத்திலேயே காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கிவிட்டது. அன்றிலிருந்து ‘மிதக்கும் மூடி’ என்றாலே நம்மில் பலருக்கு அந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது. அந்த யோசனையே தவறு என்ற எண்ணமும் கூடவே தங்கிவிட்டது.

யோசனையில் தவறில்லை. எண்ணெய்க் கிடங்குகளில் 1920-களிலிருந்தே பெட்ரோலையும் கச்சா எண்ணெயையும் மிதக்கும் மூடிகள்தான் காத்து வருகின்றன. அணையில் இல்லாமல் டேங்கில் இருப்பது ஒன்றுதான்: மூடியின் விளிம்பை அணைத்துப் பிடிக்க வட்டமான ஒரு சுவர். இந்த மூடியைப் புரிந்துகொள்ள நினைப்பவர் கண் வைக்க வேண்டிய இடமும் அந்த விளிம்புதான்.

ஊறுகாய் ஜாடியிலிருந்து தொடங்குவோம்

மாங்காய் ஊறுகாய் போட்டதும் மேலே நல்லெண்ணெய் நிற்கும்படி ஊற்றுவோம். ஜாடிக்குத் தனியாக மூடி உண்டு. இருந்தும் எண்ணெய் எதற்கு? மூடிக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் காற்று இருக்கிறது. எண்ணெய்க்கும் ஊறுகாய்க்கும் நடுவில் எதுவும் இல்லை. ஊறுகாய் குறையக் குறைய எண்ணெயும் கூடவே இறங்கும். ஜாடியின் பக்கங்களைத் தொட்டுக்கொண்டே இறங்கும்.

மிதக்கும் கூரை செய்வதும் இதைத்தான். திரவத்தின் மேல் நேராகப் படுத்து, மட்டம் ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்குகிறது. “டேங்குக்குத்தான் மேலே கூரை இருக்கிறதே, உள்ளே இன்னொன்று எதற்கு?” என்று கேட்பவர்கள் ஜாடி மூடியையும் எண்ணெயையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். அசையாத கூரை மழையையும் தூசியையும் தடுக்கும். ஆவியைத் தடுக்க அதனால் முடியாது. காரணம், டேங்க் மூச்சு விடுகிறது.

டேங்க் மூச்சு விடுவது எப்படி

திரவ மட்டத்துக்கும் நிலையான கூரைக்கும் நடுவில் உள்ள வெற்றிடம் உண்மையில் வெற்றிடம் இல்லை. காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து நிறைந்திருக்கும். இதை ஆவிவெளி என்று வைத்துக்கொள்வோம். இந்த டேங்கை இறுக்கி அடைக்க முடியாது. பெரிய டேங்கின் தகடு, அகலத்தோடு ஒப்பிட்டால் காகிதம் போன்றது. உள்ளே சிறிது அழுத்தம் கூடினாலும் கூரை பிய்ந்துகொள்ளும், குறைந்தாலும் உள்வாங்கி நசுங்கும். அதனால் கூரையில் ப்ரீதர் வால்வு வைக்கிறார்கள். அழுத்தம் கூடினால் வெளியே விடும், குறைந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் வால்வு அது.

இனி ஒரே டேங்கைக் கையில் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். விட்டம் 40 மீட்டர். திரவப் பரப்பு சுமார் 1,257 சதுர மீட்டர். உள்ளே பெட்ரோல், மேலே நிலையான கூரை மட்டும்.

காலையில் ஆவிவெளி 27 டிகிரியில் இருக்கிறது, மதிய வெயிலில் 42 டிகிரியாகிறது. வாயு சுமார் 5 சதவீதம் விரியும். மட்டத்துக்கு மேல் 5 மீட்டர் காலி இடம் இருந்தால் அது கிட்டத்தட்ட 6,280 கன மீட்டர். அதில் 5 சதவீதம் என்றால் 314 கன மீட்டர் கலவை வால்வு வழியாக வெளியேறும். இரவில் குளிர்ந்ததும் அதே அளவு புதுக் காற்று உள்ளே வரும். அந்தக் காற்றும் பெட்ரோல் ஆவியை உறிஞ்சும். மறுநாள் மதியம் அதுவும் வெளியே போகும். டேங்கைத் தொடாமல் பூட்டி வைத்திருந்தாலும் இந்த இழப்பு நடந்துகொண்டே இருக்கும்.

இதைவிடப் பெரியது நிரப்பும்போது வரும் இழப்பு. பெட்ரோல் 10 மீட்டர் உயரம் ஏறினால் 12,570 கன மீட்டர் கலவை வெளியே தள்ளப்படும். 35 டிகிரி வெப்பத்தில் ஆவி முழுதாக ஊறிய கலவையின் ஒவ்வொரு கன மீட்டரிலும் சுமார் 1.3 கிலோ பெட்ரோல் இருக்கலாம். (பெட்ரோலின் ஆவியழுத்தம் 50 கிலோபாஸ்கல், ஆவியின் மூலக்கூறு எடை 66 என்று வைத்துப் போட்ட கணக்கு இது. ஆவியழுத்தம் என்பது மூடிய பாத்திரத்தில் ஒரு திரவம் தன் ஆவியால் கொடுக்கும் அழுத்தம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல்.) கலவை பாதிதான் ஊறியிருக்கிறது என்று குறைத்துப் பிடித்தாலும், ஒரு முறை நிரப்பும்போது 8 டன் பெட்ரோல் காற்றோடு போகிறது. லிட்டரில் சொன்னால் கிட்டத்தட்ட 11,000. சாலையில் பார்க்கிற 12 கிலோலிட்டர் டேங்கர் லாரி ஒன்றை நிரப்ப ஏறத்தாழப் போதும்.

போவது பணம் மட்டுமில்லை. அந்த ஆவியில் பென்சீனும் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். பக்கத்துத் தெருவில் இருப்பவர் சுவாசிக்கும் காற்றில் அதுவும் சேர்கிறது.

இதுவரை பார்த்தது: இழப்புக்கு மூலம் ஆவிவெளி. அது சூட்டில் விரிந்து மூச்சு விடுகிறது, நிரப்பும்போது மொத்தமாக வெளியே தள்ளப்படுகிறது. ஆவிவெளியையே இல்லாமல் செய்துவிட்டால் இரண்டும் பெருமளவு நின்றுவிடும்.

ஒரு தகடு எப்படி மிதக்கிறது

மிதக்கும் கூரையின் தட்டையான பரப்புக்கு டெக் என்று பெயர். எஃகுக் கூரைகளில் அது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தகடு. தகடு தானாக மிதக்காது. அதனால் அதன் ஓரத்தைச் சுற்றிப் பெட்டி பெட்டியாகக் காற்றறைகளைப் பற்றவைக்கிறார்கள், இவை பாண்டூன்கள். ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் அடுத்தது நனையாதபடி ஒவ்வொரு அறையும் தனித்தனி. மொத்த எடை சதுர மீட்டருக்கு 75 கிலோ என்று வைத்தால், பெட்ரோலில் சராசரியாக 10 சென்டிமீட்டர் அமிழ்ந்து மிதக்கும்.

இரண்டு வகை உண்டு. மேலே வேறு எதுவும் இல்லாமல் வானம் பார்க்க மிதப்பது வெளிமிதவைக் கூரை. நிலையான கூரைக்குக் கீழே, டேங்குக்குள் மிதப்பது உள்மிதவைக் கூரை. உள்மிதவை மழையைத் தாங்க வேண்டியதில்லை என்பதால் பெரும்பாலும் அலுமினியத்தில், எடை குறைவாகச் செய்கிறார்கள். தன் எடையைப் போல் இரண்டு மடங்கு எடையையாவது தாங்கும் மிதப்பு அதற்கு வேண்டும் என்பது ஏ.பி.ஐ. 650 என்ற டேங்க் தரநூலின் விதி.

வெளிமிதவைக்கு முதல் எதிரி மழை. கூரையின் நடுவில் சேரும் நீரை வெளியேற்ற, டெக்கிலிருந்து பெட்ரோலுக்குள்ளேயே ஒரு மடங்கும் குழாய் இறங்கி, டேங்கின் அடிச்சுவர் வழியாக வெளியே வருகிறது. அது அடைத்துக்கொண்டாலும் 24 மணி நேரத்தில் பெய்யும் 250 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும்படி கூரையை வடிவமைக்க வேண்டும் என்று அதே தரநூல் சொல்கிறது. நம் 40 மீட்டர் டேங்கில் அது 314 டன் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அதே டேங்க் அங்கே இருந்திருந்தால் கூரை மேல் 600 டன்னுக்கு மேல் விழுந்திருக்கும். எனவே வடகிழக்குப் பருவமழைப் பகுதியில் வெளிமிதவைக் கூரை வைத்திருப்பவர் அக்டோபருக்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த வடிகுழாயின் வாயில் உள்ள சல்லடையைச் சுத்தம் செய்வது. துரு, பறவைக்கூடு, கூரை விளிம்பை அடைக்கும் சீலிலிருந்து உதிர்ந்த ரப்பர் துண்டு எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

அந்தக் குழாய் உள்ளே கிழிந்தால் பிரச்சினை தலைகீழாகும்: தண்ணீர் வர வேண்டிய வழியில் பெட்ரோல் வெளியே வரும். வெளி வால்வைத் திறந்ததும் எண்ணெய்ப் படலமோ பெட்ரோல் வாடையோ தெரிந்தால் உடனே மூடிவிட்டுக் குழாயைச் சோதிக்க வேண்டும்.

விளிம்பு: இரண்டு சதவீத இடம்

கூரை ஏறி இறங்க வேண்டும், டேங்கும் முழு வட்டமாக இருக்காது. அதனால் கூரை விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் பொதுவாக 20 சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி விடுகிறார்கள். நம் டேங்கின் சுற்றளவு 125 மீட்டர். இந்த வளையத்தின் பரப்பு 25 சதுர மீட்டர். மொத்தப் பரப்பில் இரண்டு சதவீதம். மீதி 98 சதவீதத்தைத் தகடு மூடியாகிவிட்டது. பற்றவைத்த தகடு வழியாக ஆவி வராது. அப்படியானால் நின்றிருக்கும் டேங்கிலிருந்து இனித் தப்பும் ஆவி எல்லாம் இந்த வளையத்திலிருந்தும், டெக்கில் வேண்டுமென்றே விட்ட சில துளைகளிலிருந்தும்தான்.

வளையத்தை அடைப்பது சீல். முதன்மைச் சீலில் இரண்டு வகை பரவலாக இருக்கின்றன. ஒன்று, தகட்டுக் காலணி: சுவரைத் தழுவும் வளைந்த உலோகத் தகடுகளை ஸ்பிரிங்கோ எடையோ சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். தகட்டின் அடி பெட்ரோலில் நனைந்திருக்கும். மேல்முனையிலிருந்து கூரை விளிம்பு வரை ஒரு துணி மூடியிருக்கும். இன்னொன்று நுரைச் சீல்: பாலியூரித்தேன் நுரையைத் துணி உறையில் பொதிந்து வளையத்தில் செருகுவது. (தெர்மாகோலை இங்கே நினைக்கவே கூடாது. அது பெட்ரோலில் கரைந்துபோகும்.) நுரைச் சீல் திரவத்தைத் தொட்டபடி இருந்தால் இழப்பு குறைவு. திரவத்துக்கு மேலே தூக்கலாக இருந்தால், அதன் அடியில் சுற்றிலும் ஒரு குட்டி ஆவிவெளி உருவாகிவிடும். ஓர் இடத்தில் கிழிந்தாலும் வளையம் முழுவதன் ஆவியும் அந்த வழியாகப் போகும்.

இதற்கு மேலே துணைச் சீல் ஒன்று வருகிறது. கார் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் போன்ற ரப்பர் பட்டை அது, சுவரில் அழுந்திக்கொண்டே நகரும். வெளிமிதவைக் கூரையில் இதன் மதிப்பு அதிகம். டேங்கின் வாய்க்கு மேல் காற்று வீசும்போது கூரையின் ஒரு பக்கம் அழுத்தம் கூடி, எதிர்ப்பக்கம் குறையும். சீல் தளர்ந்திருந்தால் ஒரு பக்கம் காற்று உள்ளே புகுந்து, மறுபக்கம் ஆவியைச் சுமந்துகொண்டு வெளியேறும். உள்மிதவைக்கு மேலே நிலைக் கூரை இருப்பதால் இந்தக் காற்றின் தொல்லை மிகக் குறைவு.

சீல் கெடுவதற்குப் பெரிய காரணம் ஏதும் வேண்டியதில்லை. சுவரின் உள்பக்கம் பற்றவைத்தபோது தெறித்து ஒட்டிய ஒரு நெல்மணி அளவு உலோகம் போதும், ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் உறைத் துணியை அறுக்கும். உறை கிழிந்தால் நுரை பெட்ரோலைக் குடித்துவிடும். பிறகு அது ஸ்பாஞ்சு; எடை கூடும், விரிந்து கொடுக்கும் தன்மை போய்விடும். புதுச் சீல் மாட்டுவதற்கு முன் சுவரைக் கையால் தடவிப் பார்த்துத் தெறிப்புகளைத் தேய்த்தெடுப்பது, சீலின் விலையோடு ஒப்பிட்டால் செலவே இல்லாத வேலை.

விளிம்பில் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. ரப்பரும் துணியும் மின்சாரத்தைக் கடத்தாது. கூரையில் சேரும் மின்னூட்டம் சுவருக்குப் போக வழியில்லாவிட்டால் தீப்பொறி பறக்கும், அதுவும் ஆவி கசியும் இடத்திலேயே. வெளிமிதவைக் கூரைகளில் நடக்கும் தீ விபத்துகளில் மின்னலால் சீல் பற்றிக்கொள்வதே அதிகம். அதனால் கூரையையும் டேங்கையும் கேபிளால் இணைக்கிறார்கள். வெளிமிதவையில் 3 மீட்டருக்கு ஒன்றாகவாவது துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளையும் வைக்கிறார்கள்.

டெக்கில் உள்ள துளைகள்

கூரை சுற்றிவிடாமல் இருக்க, டேங்கின் அடியிலிருந்து மேல்வரை ஒரு குழாய் நிற்கும். கூரை அதைத் தழுவியபடி ஏறி இறங்கும். இந்த வழிகாட்டிக் கம்பத்துக்கு ‘கைடு போல்’ (guide pole) என்று பெயர். மட்டம் அளக்கவும் மாதிரி எடுக்கவும் அதே குழாயைப் பயன்படுத்துவதால், உள்ளேயும் வெளியேயும் ஒரே பெட்ரோல் இருக்கும்படி அதன் நெடுகிலும் துளை போடுவார்கள். கூரைக்கு மேலே நீண்டிருக்கும் பகுதியிலும் அந்தத் துளைகள் உண்டு. விளைவு: கோடிக்கணக்கில் செலவிட்டு மூடிய டேங்கில் ஒரு புகைபோக்கி. டெக்கில் உள்ள பொருத்துகளிலேயே அதிகம் கசிவது இதுதான். குழாயைச் சுற்றி ஓர் உறை, உள்ளே மிதக்கும் ஓர் அடைப்பு, டெக் சந்திப்பில் ரப்பர் வைப்பர், இந்த மூன்றும் சேர்ந்தால் கசிவு வெகுவாகக் குறையும்.

டேங்க் காலியாகும்போது கூரையைத் தாங்கும் கால்கள் நுழையும் துளைகள், ஆள் இறங்கும் மேன்ஹோல், போல்ட் போட்டு இணைத்த அலுமினிய டெக்கின் இணைப்புகள் ஆகியவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போகும். பெட்ரோலை வெளியே எடுக்கும்போது இன்னொன்று: மோர் குடித்த டம்ளரின் உள்பக்கம் மோர் ஒட்டியிருப்பதுபோல், கூரை இறங்கியதும் சுவரில் ஒட்டிய படலம் உலர்ந்து ஆவியாகும். சுவர் துருப்பிடித்திருந்தால் படலம் தடிமனாகும்.

சுருக்கமாக: டெக் ஆவிவெளியை நீக்குகிறது. மிஞ்சும் இழப்பு சீல், பொருத்துகள், சுவர்ப் படலம் வழியாக. இவற்றில் முதல் இரண்டும் பராமரிப்பவர் கையில்.

கூரை தரைதட்டினால்

டேங்க் காலியாகும்போது கூரை அடித்தளத்தில் போய் அமராது. அதன் கால்கள் தரையைத் தொட்டதும் நின்றுவிடும். கால்களுக்கு வழக்கமாக இரண்டு நிலை: ஓட்டத்தில் இருக்கும்போது ஏறத்தாழ 1 மீட்டர், ஆட்கள் கீழே இறங்கி வேலை பார்க்கும்போது 2 மீட்டர்.

கால் ஊன்றிய பிறகும் பெட்ரோலை உறிஞ்சினால் கூரைக்கு அடியில் வெற்றிடம் உண்டாகி டெக் வளைந்துவிடும். இதைத் தடுப்பது ப்ளீடர் வென்ட். இது ஒரு மூடிதான். அதன் தண்டு கூரையின் கால்களைவிடச் சற்று நீளம். கால்கள் தொடுவதற்குச் சற்று முன் தண்டு தரையில் முட்டி மூடியைத் தூக்கிவிடும், காற்று உள்ளே வரும்.

அந்தக் காற்றோடு நாம் ஒழித்த ஆவிவெளியும் திரும்பி வந்துவிடுகிறது. நம் டேங்கில் 1 மீட்டர் உயரத்துக்கு 1,257 கன மீட்டர். மறுபடி நிரப்பும்போது, முழுதாக ஊறியிருந்தால் 1.6 டன் ஆவி ஒரே தடவையில் வெளியேறும். ஆபத்தும் இங்கேதான் கூடுதல். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் தீப்பற்றும். காற்று புகுந்துகொண்டிருக்கும் அந்த இடம் இந்த எல்லைக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். எனவே கூரை மிதக்கத் தொடங்கும் வரை பெட்ரோலை வினாடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கு மேல் விடக் கூடாது. வேகமாகப் பாயும் திரவம் நிலைமின்னூட்டத்தைச் சுமந்து வரும். கால் ஊன்றும் மட்டத்துக்கு மேலேயே தாழ்மட்ட எச்சரிக்கை மணியை அமைத்து, அன்றாட ஓட்டத்தில் கூரையைத் தரைதட்டவிடாமல் வைப்பதுதான் நல்ல நடைமுறை.

உள்மிதவை டேங்கில் பலர் செய்யும் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய டேங்குக்குள் உள்மிதவையைப் போட்டுவிட்டு, மேல் கூரையை முன்போலவே அடைத்து வைத்துவிடுகிறார்கள். சீலைத் தாண்டி வரும் சிறிதளவு ஆவி இரு கூரைகளுக்கும் நடுவில் தேங்கித் தீப்பற்றும் அளவை எட்டலாம். அதைத் தவிர்க்க, சுவரின் மேல்விளிம்பைச் சுற்றி 10 மீட்டருக்கு மிகாத இடைவெளியில், குறைந்தது நான்கு திறந்த காற்று வழிகளும், கூரை நடுவில் ஒன்றும் வேண்டும். அவற்றின் வலையைத் தூசி அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதற்குப் போடலாம், எதற்குக் கூடாது

எல்லாத் திரவத்துக்கும் இது தேவையில்லை. டீசலின் ஆவியழுத்தம் ஒரு கிலோபாஸ்கலைக்கூட எட்டாது. நிலைக் கூரையே போதும். சமையல் எரிவாயு எதிர்முனை: சாதாரண வெப்பத்தில் அது கொதித்துப் பறக்கும், அழுத்தம் தாங்கும் கோளத்திலோ உருளையிலோதான் வைக்க முடியும். நடுவில் உள்ள பெட்ரோல், நாப்தா, கச்சா எண்ணெய், பென்சீன் போன்றவைதான் மிதக்கும் கூரைக்கு உரியவை.

மிதக்கும் கூரை அழுத்தத்தைத் தாங்கி ஆவியை அடைத்து வைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது அழுத்தம் எதையும் தாங்குவதில்லை. மேலே உள்ள காற்றின் அழுத்தம் திரவத்தின் ஆவியழுத்தத்தைவிட அதிகமாக இருப்பதால்தான் டெக்குக்கு அடியில் குமிழி உருவாவதில்லை. ஆவியழுத்தம் காற்றின் அழுத்தத்தை நெருங்கினால் அடியில் கொதி வந்து கூரையைச் சாய்த்துவிடும். இந்தியாவில் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு 2008-ல் வந்த சுற்றுச்சூழல் விதிகள் 10 முதல் 76 கிலோபாஸ்கல் வரை உள்ள திரவங்களின் பெரிய டேங்குகளுக்கு மிதக்கும் கூரையை ஏற்று, அதற்கு மேல் போனால் ஆவிக் கட்டுப்பாட்டு அமைப்புடன் கூடிய நிலைக் கூரையைக் கேட்பது இதனால்தான்.

இடைவெளியை அளப்பது

அதே விதிகள் இரட்டைச் சீலைக் கட்டாயமாக்கி, இடைவெளிக்கும் அளவு வைத்திருக்கின்றன. முதன்மைச் சீலில் எந்த இடத்திலும் 4 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் கூடாது. மொத்தப் பரப்பு, டேங்க் விட்டத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் 200 சதுர சென்டிமீட்டருக்குள். துணைச் சீலில் அகலம் 1.3 சென்டிமீட்டர், பரப்பு மீட்டருக்கு 20 சதுர சென்டிமீட்டர்.

அளப்பதற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கம்பி போதும். கூரை மிதந்துகொண்டிருக்கும்போது, சுவருக்கும் சீலுக்கும் நடுவில் அதைச் செருகியபடி முழுச் சுற்றும் நடக்க வேண்டும். சீலைத் தள்ளாமல், தடையில்லாமல் கம்பி இறங்கினால் அங்கே இடைவெளி இருக்கிறது. அதன் நீளத்தை நாடாவால் அளந்து, அகலத்தைத் தடித்த கம்பிகளால் சோதித்து, பெருக்கிக் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். ஒரே மட்டத்தில் அளந்தால் போதாது. டேங்க் ஒவ்வொரு உயரத்திலும் வெவ்வேறாகக் கோணியிருக்கும்.

நம் 40 மீட்டர் டேங்கின் துணைச் சீலுக்குக் கிடைக்கும் மொத்த அனுமதி 800 சதுர சென்டிமீட்டர். 125 மீட்டர் சுற்றில் உள்ள எல்லா இடைவெளிகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் பக்கத்துக்கு 28 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரத்தைத் தாண்டக் கூடாது. ஒரு செங்கல்லின் நீளத்தைவிடச் சற்றே பெரிய சதுரம், அவ்வளவுதான்.